ஒரு மழையில் தீர்கிற கணக்கா?

"கிணறு வற்ற வறட்சிதான் காரணம், ஒரு நல்ல மழை பெய்தால் பழையபடி நிறைந்துவிடும்" என்று கிணறுகள் வற்றுவது பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் உண்மை. மழை பொய்த்தால் ஊற்று குறையும், சரி. ஆனால் அதே வருஷத்தில்தான் மோட்டாரும் கூடுதல் நேரம் ஓடுகிறது. வரவு சுருங்கும் நேரத்தில் செலவு ஏறுகிறது. இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு போலத் தாழும். நேரம் ஆக ஆக அந்தக் கூம்பு அகன்று பக்கத்துக் கிணறுகளையும் தொடும். ஒரு கோடையில் எங்கள் கிணறு அடி தட்டியபோது நாங்களும் வானத்தைத்தான் திட்டினோம். அப்போது அருகிலிருந்த ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுதாகி இரண்டு நாள் நின்றது. ஒரு சொட்டு மழை இல்லாமலே எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது! இன்னும் ஆழமாகத் துளையிட்டால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ஒருவர் எழுதியிருக்கிறார். கடினப் பாறையில் ஆழம் போகப் போகப் பொதுவாகத் தண்ணீர் தங்கும் வெடிப்புகள் குறுகும், குறையும், செலவுதான் மிஞ்சும். அப்புறம், மழை வந்தாலும் எல்லாம் திரும்பாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதில், மெண்டோட்டா அருகே 1925-க்கும் 1977-க்கும் இடையில் தரையே சுமார் 9 மீட்டர் இறங்கியது. களிமண் அடுக்குகள் நீரை இழந்து நசுங்கிவிட்டன. அங்கே எத்தனை மழை பெய்தாலும் முன்பு தண்ணீர் தங்கிய அந்த இடம் திரும்பக் கிடைக்காது.