பெல்ட் கட்டினால் ஹெர்னியா மூடாது

"பெல்ட்டை இறுக்கிக் கட்டி வயிற்றுத் தசையை வலுவாக்கினால் ஹெர்னியா தானாக மூடிவிடும், ஆபரேஷன் செய்தால் அப்புறம் வெயிட்டே தூக்க முடியாது" என்று நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பெரியவர்களுக்கு வரும் தொடையிடுக்கு ஹெர்னியா வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை; அதன் வழியே குடலோ கொழுப்போ பிதுங்கி வீக்கமாகத் தெரியும். பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பயிற்சி) எத்தனை நிமிடம் போட்டாலும் அது மூடாது. ஜிம் பெல்ட்டோ, வயிறு முட்டிக்கொள்ள ஒரு சுவர். உள்ளழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும். தொந்தரவு இல்லாத ஆண்களுக்குச் சில மருத்துவர்கள் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதுண்டு. அது குணமாகும் என்பதால் அல்ல, உடனடி ஆபத்து குறைவு என்பதால். வீக்கம் கல் போல இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எனக்கு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷன்) ஓட்டையை மூட வலை வைத்தார்கள். மறுநாளே நடை. முதல் வாரம் வலியை விட மலச்சிக்கல்தான் படுத்தியது (தும்மும்போது தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்!). கனமான தூக்கலுக்கு 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம். நான் ஆறாவது வாரம், மருத்துவர் சரி என்ற பிறகு, வெறும் 20 கிலோ பாருடன் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் பயிற்சி) தொடங்கினேன். பக்கத்தில் பதினாறு வயதுப் பையன் 100 தூக்கிக்கொண்டிருந்தான், மானம் போனது. பழைய எடைக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது. ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு பூஜ்யம் இல்லை, சிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு. ஆனால் "தூக்கவே முடியாது" என்பது பொய்.