“பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிரலாம்” என்று இனி எவனும் சொல்லாதீர்கள்

நெல்லையில் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிற எந்தக் கன்சல்டன்சி மாடியில் ஏறினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. “ஒண்ணும் யோசிக்காதிய அண்ணாச்சி, பிள்ளை அங்க போயி பார்ட் டைம் பாத்தே ஃபீஸைக் கட்டிரும்.” அண்ணாச்சி நம்பிவிடுகிறார். நம்பாமல் என்ன செய்வார்? டை கட்டிய ஆள், ஏசி அறை, சுவர் முழுக்க விசா கிடைத்த பிள்ளைகளின் போட்டோ.

நான் சேரன்மகாதேவி பக்கத்துக்காரி. இப்போது இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் இதே கதைதான். “ஏட்டி, நம்ம பயலையும் அங்க அனுப்பலாம்னு இருக்கோம். பார்ட் டைம்லயே எல்லாம் ஓடிரும்லா?” ஓடாது சித்தப்பா. ஓடவே ஓடாது. இதைச் சொன்னால், “நீ மட்டும் போயிட்டா, எங்க பிள்ளைய வர விட மாட்டியோ” என்று சித்திக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருகிற கோபத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

சரி, கணக்கையே போட்டுவிடுவோம். இங்கே மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கும் முதுகலைக்கும் வருகிறவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். இருபது மணி நேரமும் சிந்தாமல் சிதறாமல் கிடைத்தாலும் வாரத்துக்கு 244 பவுண்ட், மாதத்துக்கு ஆயிரத்து ஐம்பது சொச்சம். அதே நேரத்தில், லண்டனுக்கு வெளியே படிக்கிற மாணவருக்கு மாதம் 1,136 பவுண்ட் கையில் இருக்க வேண்டும், லண்டன் என்றால் 1,483 பவுண்ட் வேண்டும் என்று விசா கொடுக்கிற அரசாங்கமே விதி போட்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் அதையும் ஏற்றினார்கள். சட்டம் விடுகிற நேரம் முழுக்க முதுகொடிய உழைத்தாலும் வாடகைக்கும் சோற்றுக்குமே துண்டு விழுகிறது. அப்புறம் ஃபீஸ் எங்கிருந்து வரும்? முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் 15,000 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். அதை எந்த பார்ட் டைமில் கட்டுவது?

அந்த இருபது மணி நேரமாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கிடைக்கிற வேலைகளில் பலவும் ‘ஜீரோ ஹவர்’ ஒப்பந்தம். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இல்லை. ஷிப்ட் போனில் வரும். பார்த்து அழுத்துவதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற கடையநல்லூர்ப் பையன் தூங்கும்போதும் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பதில்லை, கையில் பிடித்தபடியே தூங்குகிறான். அவனுக்குக் கிடைத்தது குடோன் வேலை, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை. மணிக்கட்டில் ஒரு ஸ்கேனரைக் கட்டிவிடுகிறார்கள். எத்தனை பெட்டி எடுத்தான், நடுவில் எத்தனை நிமிடம் நின்றான், எல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும். முடித்துவிட்டு முன்பக்கம் இரும்பு வைத்த அந்த ஷூவோடு அப்படியே ஒன்பது மணி வகுப்புக்குப் போய் உட்காருவான். ஷூவை மாற்ற வீட்டுக்கு வந்தால் அப்படியே படுத்துவிடுவானாம், அதனால் வருவதில்லை. கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துக் கிடக்கின்றன. அவன் அம்மா வீடியோ காலில் வந்தால் முகத்தை மட்டும் காட்டுவான்.

“லீவுல ஃபுல் டைம் பாக்கலாம்” என்பது அடுத்த பொய். ஒரு வருட முதுகலைக்கு வருகிறவனுக்குக் கோடை லீவு கிடையாது. அது ஆய்வறிக்கை எழுதுகிற காலம், பாடக் காலமாகத்தான் கணக்கு. அப்போதும் அதே இருபது மணி நேரம்தான். இது தெரியாமல் கோடையில் கூடுதலாக வேலை பார்த்தால் விசா விதியை மீறியதாகிவிடும். பணம் பத்தாதவன் கடைசியில் கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்கிற கடையைத் தேடிப் போகிறான். அங்கே குறைந்தபட்சக் கூலியில் பாதிதான். அப்படிக் கொடுக்கிற முதலாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இவன் போலீசுக்குப் போக மாட்டான் என்று தெரிந்துதானே பாதிக் கூலி கொடுக்கிறார்கள்!

கொடுமை இங்கே வந்த பிறகு ஆரம்பிப்பதல்ல. விசாவுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. முதல் வருட ஃபீஸில் கட்டாத பாக்கியும் ஒன்பது மாதம் வரைக்குமான செலவுப் பணமும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. இந்தப் பணத்தை விவசாயக் குடும்பம் எங்கே போய்ப் புரட்டும்? கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கிறார்கள். எங்கள் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நல்ல நஞ்சை வைத்திருக்கிறவர்கள் நிறைய. ஆனால் வயலை ஈடாக எடுக்க வங்கிகள் பெரும்பாலும் ஒப்புவதில்லை. கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க வழி செய்கிற 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருப்பதுதான் காரணம். அப்போ வீட்டைக் கொடு என்பார்கள். வீட்டுப் பட்டா தாத்தா பேரில் இருக்கும். வாரிசுச் சான்று, வில்லங்கம், மூலப்பத்திரம், வக்கீல் ஒப்பீனியன் என்று ஒரு மாதம் சார்பதிவாளர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வேண்டும். அதற்குள் பல்கலைக்கழகத்துத் தேதி நெருங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் அந்த டை கட்டிய ஆள், “நம்மகிட்ட ஆள் இருக்கு அண்ணாச்சி, 28 நாளைக்குப் பணம் போட்டு எடுத்துக்கிடுவாங்க, வட்டி மட்டும் குடுத்தாப் போதும்” என்கிறார். என் வகுப்புத் தோழி வீட்டில் இப்படித்தான் நடந்தது. 28 நாள் முடிந்ததும் போட்டவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசா வந்தது, பணம் போனது. வட்டிக்காக அவள் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கணக்கில் இருப்பதாகக் காட்டிய பணம் அவளிடம் ஒருபோதும் இல்லை. இங்கே இறங்கிய அன்றைக்கே அவளுக்கு வாடகைக்கு வழியில்லை. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த ஊர் இது. 2003இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டமும் வந்துவிட்டது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளையின் படிப்புக்கு வட்டிக்காரரைப் பிடித்துக் கொடுக்கிறார்களே, இவர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?

“எங்ககிட்ட சர்வீஸ் சார்ஜே கிடையாது” என்பார்கள். கிடையாதுதான். பிள்ளை சேர்ந்ததும் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷனாக அவர்களுக்குப் போகும். நம் பிள்ளைக்கு எந்தப் படிப்பு சரி, எந்த ஊர் கட்டுப்படியாகும் என்று பார்க்க அவர்களுக்கு என்ன தேவை இருக்கிறது? ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக்கட்டணமே இல்லை. அங்கேயும் சும்மா போய்விட முடியாது, 2025 கணக்குப்படி ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் போட்டால்தான் விசா. ஆனால் அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகப் பிள்ளையின் கைக்கே திரும்பி வருகிறது. என் அப்பா ஏறிய மாடிகள் எதிலும் ஜெர்மனி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஊர்க்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, “மவ லண்டன்ல இருக்கா, இன்னும் ஏன் கடன்ல கிடக்கீரு?” என்று கேட்கிறார்கள். நான் இருப்பது லண்டனே இல்லை, அது போகட்டும். படிக்கப் போனவளைச் சம்பாதிக்கப் போனவளாகப் பார்ப்பதை எப்போது நிறுத்துவீர்கள்? போன மாதம் ஒரு பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். அதை வீட்டைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. மணிக்கு எவ்வளவு தருகிறான் என்பதை எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே முன்னாடியே வந்து படித்து முடித்த அண்ணன்களே, அக்காக்களே, உங்களையும்தான் கேட்கிறேன். பனியில் நின்று எடுத்த போட்டோவைப் போடுகிறீர்கள், சந்தோஷம், போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் போனில் கேட்கும்போது ஏன் “சமாளிச்சுக்கிடலாம்” என்று மட்டும் சொல்லி வைக்கிறீர்கள்? வாடகை எவ்வளவு, ஷிப்ட் எத்தனை கிடைத்தது, எந்த மாதம் ஊரிலிருந்து பணம் வாங்கினீர்கள் என்று உள்ளதைச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று உங்களில் சிலருக்கும் பணம் வருவது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்கு வராதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை. படிப்பு இங்கே உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பேராசிரியரிடம் எதிர்க் கேள்வி கேட்கலாம், லேப் ராத்திரியெல்லாம் திறந்திருக்கிறது, நூலகத்தில் இல்லாத புத்தகத்தைக் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். அதற்காகத்தானே வந்தோம்? அதற்கு நேரம் வேண்டாமா, தூக்கம் வேண்டாமா? ஃபீஸ் முழுவதுக்கும், முதல் ஆறு மாதச் செலவுக்கும் வழி பண்ணிவிட்டு அனுப்புங்கள். பார்ட் டைம் காசு கைச்செலவுக்கு இருக்கட்டும்.

நேற்று வீரவநல்லூர் மாமா போன் செய்தார். நாளைக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறாராம். “மாமா, பார்ட் டைம்லயே ஃபீஸ் கட்டிரலாம்னு சொன்னாருல்லா, அதை அவங்க லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. தந்தா மட்டும் அட்வான்ஸ் கட்டுங்க. வீட்டுப் பத்திரத்தை மட்டும் கையில கொண்டு போகாதிய” என்றேன்.