ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

மாதம் பிறந்தால், கூகுளில் விளம்பரம் ஓட்டித் தரும் ஏஜென்சியிடமிருந்து கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட தடவை, 1,80,000. கிளிக் 2,400. செலவு 60,000 ரூபாய். பக்கத்துக்குப் பக்கம் பச்சை அம்புக்குறி. அவர் கேட்பது ஒரே கேள்வி: "இதுல எத்தனை பேர் வாங்குனாங்க?" அதற்கு அந்த அறிக்கையில் ஒரு வரி பதில் கிடையாது. ஊர் ஊராக, தொழில் தொழிலாக இதுதான் நடக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கிளிக் என்பது விற்பனை இல்லை. கிளிக் என்பது செலவு. கோவையில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளிக்குக்கு 25 ரூபாய் போகிறது, 50 கிளிக்குக்கு ஒருவர் போன் செய்கிறார், நான்கு போனுக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். ஒரு போனுக்கு 1,250 ரூபாய், ஒரு விற்பனைக்கு 5,000 ரூபாய். ஒரு கிரைண்டரில் அவருக்கு நிற்கும் லாபம் 1,500 என்றால், விற்கும் ஒவ்வொன்றுக்கும் 3,500 கையை விட்டுப் போகிறது. நாலாம் வகுப்புக் கணக்கு இது. இதைப் போட்டுக் காட்டாமல் சிடிஆர் (காட்டிய தடவைகளில் எத்தனை கிளிக் ஆனது என்ற விகிதம்) ஏறியது என்று அனுப்புகிறவர்களை என்ன சொல்வது?

அந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் முதலில் போனையும் வாட்ஸ்அப்பையும் எண்ண வேண்டும். நம் ஊரில் கிரைண்டர் வாங்குகிறவர் கார்ட்டில் போட்டுவிட்டு அமைதியாகப் பணம் கட்டுவதில்லை. "கல்லு எத்தனை லிட்டரு, வாரண்டி எவ்வளவு" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். ஆனால் வலைத்தளத்தில் இருக்கும் போன் நம்பரை ஒருவர் தொட்டால், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4, அதைத் தானாக எண்ணாது. தளத்தில் எண்ணும் குறிகளை (டேக்) வைக்கும் கூகுள் கருவியான டேக் மேனேஜரில், 'டெல்' என்று தொடங்கும் போன் இணைப்புகளைத் தொட்டால் இயங்கும் ஒரு டிரிகர் போட்டு, அதை ஒரு ஈவென்ட்டாக (நிகழ்வாக) அனுப்பி, கீ ஈவென்ட் (முக்கிய நிகழ்வு) என்று குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பு வெளித்தளத்துக்குப் போவதால் வெறும் 'கிளிக்' என்று மற்ற வெளி இணைப்புகளோடு கலந்து பதிவாகும். அதையும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

எண்ணாமல் விடுவதைவிடத் தப்பாக எண்ணுவது மோசம். வாங்கி முடித்ததும் வரும் 'நன்றி' பக்கம் திறந்தால் ஒரு கன்வெர்ஷன் (கிளிக் பலன் தந்ததற்கான கணக்கு) என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாங்கியவர் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தால் இன்னொரு விற்பனை. ஆர்டர் எண்ணை டிரான்ஸாக்ஷன் ஐடியாக அனுப்பினால் இந்த இரட்டிப்பு நிற்கும். போன், விசாரணைப் படிவம் இவற்றுக்கு 'ஒன்று' என்றும், விற்பனைக்கு 'ஒவ்வொன்றும்' என்றும் எண்ணும் முறையை மாற்ற வேண்டும். அடுத்தது, விளம்பரக் கணக்கான கூகுள் ஆட்ஸின் சொந்த டேகும் இருக்கும், ஜிஏ4இலிருந்து இறக்கிய அதே விற்பனையும் இருக்கும், இரண்டும் 'பிரைமரி', அதாவது கணக்கில் சேர்வது. ஒரு கிரைண்டர் விற்றால் கணக்கில் இரண்டு. ஒன்றை 'செகண்டரி' (பார்வைக்கு மட்டும்) ஆக்குங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது!

இதெல்லாம் அறிக்கையில் வரும் பிழை மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளம்பரத்துக்கான இடம் ஏலத்தில்தான் போகிறது; இன்று அந்த ஏலம் கேட்பது மனிதன் இல்லை, கூகுளின் எந்திரம். நீங்கள் எதைக் கன்வெர்ஷன் என்று சொல்கிறீர்களோ அதையே அது துரத்தும். முகப்புப் பக்கம் திறந்தாலே கன்வெர்ஷன் என்று வைத்துவிட்டு கன்வெர்ஷனை முடிந்தவரை கூட்டு என்னும் 'மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ்' போட்டால், பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடுகிறவர்களை மலிவாகத் தேடிப் பிடித்து வந்து கொட்டும். அறிக்கையில் கன்வெர்ஷன் 900 என்று நிற்கும். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். விதையைத் தப்பாகப் போட்டுவிட்டு மண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

வாங்குகிறவர் பணம் கட்டப் பேமென்ட் கேட்வே தளத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது இன்னொரு கோளாறு. அந்த விற்பனையைக் கொண்டுவந்தது பேமென்ட் கேட்வேதான் என்று ஜிஏ4 எழுதிவிடலாம். விளம்பரத்தின் கணக்கில் பூஜ்யம். அட்மின் பகுதியில் டேட்டா ஸ்ட்ரீமுக்குள் போய், டேக் அமைப்புகளில் வேண்டாத ரெஃபரல்கள் (ஆளை அனுப்பியதாக எண்ணக்கூடாத தளங்கள்) என்ற பட்டியலில் அந்தத் தளத்தின் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது. இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு 'gclid=test' என்று கையால் ஒட்டித் திறந்து பாருங்கள் (ஜிகிளிட் என்பது விளம்பரக் கிளிக்குக்குக் கூகுள் ஒட்டும் அடையாளம்). பக்கம் திறந்த பிறகு அந்த வால் காணாமல் போயிருந்தால், உங்கள் தளத்தின் ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) அதை வெட்டிவிடுகிறது. எந்தக் கிளிக் விற்பனையானது என்று கூகுளுக்குச் சொல்லும் அடையாளமே அந்த வால்தான்.

இனி கீவேர்டு, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல். இங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. 'கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல்லை, தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டும் பிராட் மேட்சில் போட்டு வைத்திருப்பார்கள். இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடுகிறவர், காபிக் கொட்டை அரைக்கிறவர், பழைய கிரைண்டருக்கு பெல்ட் தேடுகிறவர், கிரைண்டர் ரிப்பேர் வேலை தேடுகிறவர் எல்லோருடைய கிளிக்குக்கும் மாவரைக்கும் கிரைண்டர் விற்கிறவர் 25 ரூபாய் கட்டுகிறார். மக்கள் என்ன தேடினார்கள் என்று காட்டும் சர்ச் டேர்ம்ஸ் அறிக்கையைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை திறந்து, ஆங்கிள், காபி, பெல்ட், ரிப்பேர், வேலை, செகண்ட் ஹேண்ட் என்று, விளம்பரம் வரக்கூடாத சொற்களாக, நெகட்டிவ் கீவேர்டு சேர்க்க வேண்டும். நெகட்டிவில் ஒருமையும் பன்மையும் தனித்தனியாகப் போட வேண்டும், அது தானாக விரிந்து பிடிக்காது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுவார்கள். மூன்று வடிவத்துக்கும் போட வேண்டும்.

இந்த வேலை முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. எக்ஸாக்ட் மேட்ச் என்றால் அந்தச் சொல் மட்டும் என்று இருந்த காலம் போய், 2018 முதல் அதே பொருள் என்று கூகுள் நினைக்கும் தேடல்களும் உள்ளே வருகின்றன. சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு, அது தேடலில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் வசதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். 2020 செப்டம்பரிலிருந்து தேடல் சொற்களில் ஒரு பகுதியை அறிக்கையில் காட்டுவதும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதற்கு வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன் என்பது என்ன நியாயம்? தெரிகிற கொஞ்சத்தையாவது பார்க்க வேண்டாமா?

தேடலுக்கான விளம்பரத் தொகுப்பான சர்ச் கேம்பெய்ன் தொடங்கும்போதே டிஸ்ப்ளே நெட்வொர்க் (பிற தளங்கள், ஆப்கள்), சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்கள்) என்ற பெட்டிகளில் டிக் போட்டே வருகிறது. முதல் நாளே எடுங்கள். இடத்தைக் கோவை என்று வைத்தாலும், அங்கே இருப்பவர் அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர் என்பதுதான் தானாக வரும் அமைப்பு. நேரில் வந்து பார்த்து வாங்கும் ஷோரூமுக்கு 'பிரசன்ஸ்' (அங்கே இருப்பவர்) மட்டும் போதும். பரிந்துரைகள் பக்கத்தில் ஆட்டோ அப்ளை (தானாகவே ஏற்றுக்கொள்வது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களைக் கேட்காமலே கீவேர்டு சேரும், பிராட் மேட்சாக மாறும். ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 100 என்று காட்டுவதை அறிக்கையில் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். கூகுளின் பரிந்துரைகளை ஏற்றாலும் ஏறும், வேண்டாம் என்று தள்ளினாலும் ஏறும் மதிப்பெண் அது. உங்கள் லாபத்துக்கானது அல்ல.

பணம் போகிற வழியையும் யாரும் சொல்லித் தருவதில்லை. முன்கூட்டிப் பணம் போடும் கணக்கில் 1,000 ரூபாய் கட்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்குக் கிடைப்பது 847 ரூபாய் 46 காசு. நாள் பட்ஜெட் 500 என்றால் ஒரே நாளில் 1,000 வரை செலவாகலாம், மாதக் கூரை 30.4 மடங்கு, அதாவது 15,200. இது தெரியாமல் திடுக்கிட்டு விளம்பரத்தையே நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

ஜிஏ4இல் விரிவான ஆய்வுக்கான தரவு இரண்டு மாதம்தான் இருக்கும், நீங்கள் 14 மாதம் என்று மாற்றாவிட்டால். போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் ஒப்பிட நினைக்கும் நாளில் மாற்றினால் பயனில்லை, கடந்ததை அது திருப்பித் தராது. இன்றே மாற்றுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கணக்கே கடைக்காரரிடம் இல்லாதது. பணம் இவருடையது, விளம்பரக் கணக்கு ஏஜென்சியுடையது. பிரிந்து வந்தால் வருடக்கணக்கில் சேர்ந்த கன்வெர்ஷன் வரலாறும் நெகட்டிவ் பட்டியலும் அங்கேயே நின்றுவிடும். உங்கள் ஈமெயிலில் உங்கள் பெயரில் கணக்கைத் தொடங்கி, ஏஜென்சியை அவர்களுடைய மேனேஜர் கணக்கு (பலருடைய கணக்குகளை நிர்வகிக்கும் கணக்கு) வழியாக உள்ளே விடுங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் அட்மின் உரிமை கேளுங்கள், இழுத்தடித்தால் விடாமல் கேளுங்கள். கிடைத்ததும் முதலில் திறக்க வேண்டியது சேஞ்ச் ஹிஸ்டரி. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்று இரண்டு வருடம் வரை அதில் இருக்கும். கடந்த மூன்று மாதத்தில் ஒரு நெகட்டிவ் கீவேர்டுகூடச் சேர்க்கப்படவில்லை என்று அதில் தெரிந்தால், அந்த மூன்று மாதச் சேவைக் கட்டணத்தை எந்த வேலைக்கு வாங்கினீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள்.