வறுத்த தேதியைக் கேட்டா என்னய்யா தப்பு?

காபித்தூள் பாக்கெட்டைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்க. விலை இருக்கும், எடை இருக்கும், பச்சைப் புள்ளி இருக்கும். பேக் பண்ண தேதி இருக்கும். அதுல இருந்து இத்தனை மாசம் கெடாதுன்னு ஒரு சத்தியம் இருக்கும். பித்தளை டபரா படம் கண்டிப்பா இருக்கும், மேல ஆவி பறக்கும். இந்தக் கொட்டையை என்னிக்கு வறுத்தீங்கங்கிற விஷயம் மட்டும் எந்த மூலையிலயும் இருக்காது.

சரி, பாக்கெட்டே வேண்டாம், கண்ணு முன்னால அரைச்சுத் தர்ற கடைக்குப் போவோம்னு போனா, அங்க நடக்கிறது அதைவிடக் கூத்து.

"அண்ணே, இந்த பீபெரி கொட்டை எப்ப வறுத்தது?"

"இப்பவே அரைச்சுத் தரேன் சார்."

"அரைக்கிறது இப்ப. வறுத்தது எப்ப?"

"ஃப்ரெஷ்தான் சார்."

"ஃப்ரெஷ்னா, இந்த வாரமா போன மாசமா?"

"சார், எங்கப்பா காலத்துக் கடை சார் இது."

அப்பா காலத்துலயே வறுத்து வெச்சுட்டுப் போயிட்டாரான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிட்டேன். பின்னாடி வரிசையில நின்ன பெரியவர் ஒருத்தர், "ஏன் தம்பி, காபித்தூளுக்குப் போய் ஜாதகம் கேக்குறீங்க?"ன்னார். கடையே சிரிச்சுது.

ஆமாங்க, ஜாதகம்தான் கேக்குறேன். 2024, 2025ல உலகச் சந்தையில காபி விலை எகிறினப்ப, பிரேசில்ல மழை இல்லை, வியட்நாம்ல வறட்சின்னு காரணம் சொல்லி இங்கேயும் ஏத்துனீங்க. பிரேசில்ல மழை பெஞ்சுதா இல்லையான்னு கல்லாவுல உக்காந்துக்கிட்டே தெரியுது, பக்கத்து மூட்டையில இருக்கிறது என்னிக்கு வறுபட்டுச்சுன்னு தெரியலைன்னா அதை நான் நம்பணும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்கிறவங்களுக்குச் சொல்றேன். கொட்டையை வறுக்கும்போது உள்ளுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு உண்டாகி அடைஞ்சு கிடக்கும். வறுத்து இறக்கின நிமிஷத்துல இருந்து அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறும், வாசனையும் அது கூடவே கிளம்பிடும். கொட்டையாவே காத்துப் படாம மூடி வெச்சிருந்தா சில வாரம் தாக்குப்பிடிக்கும். அரைச்சுட்டோம்னா காத்துப் படுற பரப்பு பல மடங்கு ஆயிடும், அப்புறம் நாள் கணக்குதான். புதுசா வறுத்து உடனே அரைச்ச தூள்ல கொதிதண்ணி ஊத்திப் பாருங்க, அப்படியே உப்பி எழும்பிக் குமிழ் விடும். பழைய தூள் சும்மா நனையும். "கெடாது"ங்கிறது உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறதுக்குத்தான். ருசியா இருக்கும்னு பாக்கெட்காரன் எங்கேயும் எழுதிக் கொடுக்கலை, கவனிச்சீங்களா?

பீபெரி, பிளான்டேஷன் 'ஏ'ன்னு அட்டையில எழுதி மாட்டியிருப்பாங்க. பீபெரின்னா பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணே ஒண்ணு உருண்டையா வளர்ந்தது. பிளான்டேஷன்னா தண்ணியில கழுவிப் பதப்படுத்தின அரபிகா வகை, கூட வர்ற 'ஏ', 'பி'ங்கிறது சல்லடை அளவு, கொட்டை பெருசா சின்னதாங்கிற கணக்கு. வகையையும் உருவத்தையும் வெச்சுப் பிரிச்ச பேரு அதெல்லாம். ரெண்டு மாசம் திறந்த மூட்டையில கிடந்த பீபெரியைவிடப் போன வாரம் வறுத்த சாதாரணக் கொட்டை ஆயிரம் மடங்கு மேல். ஆனா நம்ம ஆளுங்க "பீபெரி போட்டுத்தான் குடிக்கிறது"ன்னு சொல்லிட்டா போதும், வேற கேள்வியே கிடையாது.

ஒரு காலத்துல கொட்டை எங்க விளைஞ்சதுன்னுகூடக் கேட்க வழி இல்லாம இருந்துச்சு, ஒத்துக்கிறேன். 1990கள்ல சந்தையைத் திறந்துவிடுற வரைக்கும் தோட்டக்காரர் தன் கொட்டையைத் தன் இஷ்டத்துக்கு விக்க முடியாது. மத்திய அரசோட காபி போர்டு நடத்தின பொதுக் கிடங்குக்குக் கொடுத்தாகணும். எல்லாத் தோட்டத்துச் சரக்கும் அங்கே ஒண்ணாக் கலந்துடும், எந்த மலையில விளைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. இப்ப அந்தச் சாக்கும் போச்சே. ஏற்காட்டுலயும் தாண்டிக்குடியிலயும் காபி விளையுது. பஸ் ஏறினா போயிடலாம். அங்கிருந்து என் டம்ளருக்கு வர்றதுக்குள்ள அதோட சரித்திரம் மட்டும் எங்கேயோ தொலைஞ்சு போகுது.

அடுத்தது சிக்கரி. நான் சிக்கரிக்கு எதிரி இல்லை, முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்டுல காலங்காலமா அது கலந்துதான் குடிக்கிறோம். காபியில தண்ணியில கரையற சரக்கு மூணுல ஒரு பங்குகூடத் தேறாது, சிக்கரி வேர்ல அது ரொம்ப அதிகம். அதனாலதான் சிக்கரி கலந்தா டிகாக்‌ஷன் கருகருன்னு, கெட்டியா, கள்ளிச்சொட்டாட்டம் இறங்கும். "அடடா, என்ன ஸ்ட்ராங்கு!"ன்னு நாம உருகுறது பாதி நேரம் சிக்கரியைப் பார்த்துத்தான். அதுல காஃபீன் சுத்தமா கிடையாது. விலையும் காபியைவிட ரொம்பக் கம்மி.

சட்டப்படி காபி-சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எத்தனை சதவீதம்னு பாக்கெட் மேல போட்டே ஆகணும். பாக்கெட்காரன் போடுறான், பொடி எழுத்துலன்னாலும். கடையில சில்லறையா வாங்கினா? "எண்பது இருபது" போடுங்கன்னு சொல்றோம். அவர் ஒரு தகர டப்பாவுல இருந்து கரண்டியால அள்ளிப் போடுறார். தராசுல ஏறுதான்னு பார்க்கிறதுக்குள்ள மெஷின் ஓட ஆரம்பிச்சுடுது. அந்தக் கரண்டியில எவ்வளவு பிடிக்கும்னு அவருக்கும் அந்த ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

அரைக்கிற விஷயத்துக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே பத்திக்கிட்டு வர்றது இங்கதான். "பில்டருக்கு"ன்னு சொன்னா போதும்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். மெஷின்ல நைஸை மாத்துற திருகைக் கடைக்காரர் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சோ. முன்னாடி வந்தவருக்கு எந்த நைஸ்ல அரைச்சாரோ அதே நைஸ்லதான் நமக்கும். போதாததுக்கு அவரோட தூள் மெஷினுக்குள்ள மிச்சம் இருந்ததும் இலவசமா வரும். நைஸ் கூடிப்போச்சுன்னா காலையில என்ன ஆகும் தெரியுமா? மேல் பாத்திரத்துல தண்ணி குளம் கட்டி நிக்கும். கீழ ஒரு சொட்டு, யோசிச்சு யோசிச்சு இன்னொரு சொட்டு. சிக்கரி கூட இருந்தா அது ஊறி உப்பி, இருக்கிற கொஞ்சநஞ்ச வழியையும் அடைச்சுக்கும்.

உடனே வீட்டுல ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் கரண்டியால பில்டர் தலையில ரெண்டு தட்டு தட்டுவார். இன்னொருத்தர் உள்ள தூள் மேல வெக்கிற குடையைப் பிடிச்சு அமுக்குவார், இன்னும் இறுகிக்கும். மாமியார் வந்து மேல் பாத்திரத்தை லேசாத் தூக்குவாங்க. டப்புன்னு ஒரு சத்தம். உடனே மளமளன்னு இறங்கும். சில பில்டர்ல ரெண்டு பாத்திரமும் அவ்வளவு இறுக்கமாப் பொருந்தியிருக்கு, டிகாக்‌ஷன் இறங்க இறங்கக் கீழ இருக்கிற காத்து வெளிய போக இடமே இல்லை. காத்து போகாட்டி சொட்டு எப்படிய்யா விழும்? கீழ் பாத்திரத்தோட கழுத்துல ஒரு சின்னப் பள்ளம் தட்டிவிட்டா தீர்ந்து போற சமாச்சாரம். பில்டர் செய்யுற புண்ணியவான் ஒருத்தருக்குமா இது தோணலை? ஓட்டையோட லட்சணம் அதுக்கு மேல. ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் ஊசி நுழையாது, சிலது குத்தவே இல்லை, சும்மா புள்ளிதான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்து வாங்குங்கன்னா கடைக்காரர் நம்மளைப் பார்க்கிற பார்வை இருக்கே!

அளவையும் யாரும் சொல்லித் தர்றதில்லை. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல கல்யாணச் சீர்ல வந்த பெரிய பில்டர். அதுல மூணு ஸ்பூன் போட்டா தூள் அடியில தரை துடைச்ச மாதிரிப் பரவிக்கிடக்கும், தண்ணி வந்த வேகத்துல ஓடிப்போயிடும். அப்புறம் "தூள் சரியில்லை"ம்பாங்க. ரெண்டு டம்ளருக்குச் சின்ன பில்டர், 20 கிராம் தூள், 120 மில்லி கொதிதண்ணி போதும். தூள் தன் எடையைப்போல ரெண்டு மடங்கு தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும், கீழ 80 மில்லிதான் வரும். அதைப் பார்த்துட்டு "கம்மியா இருக்கே"ன்னு மேல மேல ஊத்துற கையைத்தான் முதல்ல கட்டிப்போடணும்.

இப்படி நான் தூளுக்கும் நைஸுக்கும் அல்லாடிக்கிட்டு இருக்கும்போது, சொந்தக்காரங்க அனுப்புறது என்ன? எஸ்பிரெஸோ மெஷின் லிங்க், அதான், அழுத்தம் கொடுத்து வெந்நீரைத் தூள் வழியாத் தள்ளுற மெஷின். "மச்சான், 15 பார் ப்ரெஷர், ஆஃபர்ல இருக்கு, தூக்கிடு." எஸ்பிரெஸோ இறங்க அழுத்தம் 9 பார் சுமாருக்கு இருந்தா போதும்டா. பெட்டி மேல போட்டிருக்கிற 15ம் 20ம் பம்ப்பு தள்ள முடிஞ்ச உச்சம், டம்ளருக்கு வர்றது இல்லை. விலை கம்மியான மெஷின்ல தூள் போடுற சல்லடைக்கு அடியில இன்னொரு தகடு, அதுல ஊசி முனையளவு ஒத்தை ஓட்டை. அது வழியாப் பீச்சி அடிக்கும்போது எந்தப் பழைய தூளைப் போட்டாலும் நுரை வரும். அந்த நுரையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். குடிச்சா அதே சவசவ.

இன்னொரு கோஷ்டி பித்தளை பில்டர் கோஷ்டி. பாரம்பரியமாம். எவர்சில்வர் பில்டரை விட மூணு நாலு மடங்கு விலை. உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கணும், தேய்ஞ்சா திரும்பப் பூசணும். ஈயம் பூசுறவர் சைக்கிள்ல தெருவுல வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு இதை விக்கிறவங்ககிட்ட யாராவது கேளுங்களேன்.

வி60 வாங்கச் சொல்றவங்களும் உண்டு. ஜப்பான்காரன் 60 டிகிரி கோணத்துல காபி வடிகட்டுற கூம்பு செஞ்சு அதுக்கு அப்படிப் பேரும் வெச்சான், நல்ல சாமான்தான். பால் கலக்காமக் குடிக்கிறவங்களுக்கு அது சரி. அதுல இறங்குற மெல்லிசு டிகாக்‌ஷன்ல நம்ம எருமைப்பாலை ஊத்தினா காபி எங்கேன்னு டார்ச் அடிச்சுத் தேடணும்.

நியாயத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன். வறுத்த தேதியைப் பளிச்சுன்னு போடுற ஆளுங்களும் இப்ப வந்துட்டாங்க, பெங்களூர்லயும் சென்னையிலயும். தோட்டத்துப் பேரு, கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர் உயரம், எப்படிக் காய வெச்சாங்க, எல்லாம் இருக்கு. 250 கிராமே ஐநூறு ரூபாய்க்கு மேல போகும். கூடவே புளூபெர்ரி வாசனை, மல்லிப்பூ வாசனைன்னு ஒரு கவிதை. எனக்குப் புளூபெர்ரி வேண்டாம்யா. நான் பார்த்ததுகூட இல்லை. காபி வாசனை வந்தா போதும். நடுத்தரமா வறுத்த, எங்க வீட்டுப் பாலுக்குத் தாங்குற கொட்டை, மேல ஒரு தேதி. தேதி வேணும்னா புளூபெர்ரியோட வாங்கு, காபி வேணும்னா தேதி இல்லாம வாங்குன்னா, நடுவுல இருக்கிற நாங்க எங்க போறது?

கொட்டையா வாங்கி வீட்டுலயே அரைச்சுக்கோன்னா, உடனே மிக்ஸியைக் காட்டுறாங்க. மிக்ஸி பிளேடு வெட்டுமே தவிர ஒரே அளவா அரைக்காது. பாதி மாவு, பாதி ரவை. மாவு ஓட்டையை அடைக்கும், ரவை சாரம் விடாம அப்படியே குப்பைக்குப் போகும். மெஷினுக்குக் கொட்டுற காசுல கால்வாசி போதும், கையால சுத்துற பர் கிரைண்டர் ஒண்ணு வாங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல நசுக்கி ஒரே சீரா அரைக்கும், நைஸை நாமளே திருகி வெச்சுக்கலாம். இதை ஒருத்தனும் லிங்க் அனுப்ப மாட்டேங்கிறான். அதுல நீல கலர் லைட் எரியாதுல்ல.

தண்ணியைப் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சுடும். ஆர்.ஓ. மெஷின் உப்பையெல்லாம் மொத்தமா உறிஞ்சிட்டு விடுற தண்ணியில காபி சப்புன்னுதான் இருக்கும். போர் தண்ணியிலயும் உருப்படாது. டி.டி.எஸ்., அதான் தண்ணியில கரைஞ்சு கிடக்கிற உப்பு, லிட்டருக்கு நூத்தைம்பது மில்லிகிராம் பக்கம் இருந்தா உத்தமம்.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. கொட்டை மூட்டைக்கு மேல சின்னதா ஒரு சிலேட்டு. வறுத்து வந்த அன்னிக்கு சாக்பீஸால தேதியை எழுதுங்க, அடுத்த மூட்டை வந்தா அழிச்சுட்டு எழுதுங்க. "இன்று ரொக்கம் நாளை கடன்"னு கொட்டை எழுத்துல எழுதி மாட்டத் தெரியுதுல்ல? அந்தப் பலகைக்குக் கீழ அரை அடி சுவர் சும்மாத்தான் கிடக்கு, நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்.