கப்பல் வேலையைப் பத்தி பிள்ளைங்ககிட்ட மட்டும் பேசினா போதாது, வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் பேசுங்க

இங்க சிங்கப்பூர்ல ஓ லெவல் ரிசல்ட் வர்ற சமயம் ஆச்சுன்னா பள்ளிக்கூடங்கள்ல கேரியர் டாக் வைப்பாங்க, கடல்துறைக்காரங்களும் வருவாங்க, பெரிய ஸ்கிரீன்ல ட்ரோன் வீடியோ ஓடும், பிள்ளைங்க கண்ணு விரியப் பார்ப்பாங்க. நானும் அப்படிப் போய்ப் பேசுறவதான், துறைமுகத்துக்கு வர்ற கப்பலுக்கு வேண்டிய வேலைகளைப் பாத்துக் குடுக்குற ஷிப் ஏஜென்சியில வேலை, அதனால கூப்பிட்டா போயிடுவேன். ஆனா பல வருஷமா பார்த்ததுல எனக்கு ஒண்ணு நல்லாத் தெரிஞ்சுபோச்சு, நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு முடிவு அந்த ஹால்ல ஆகுறதில்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா ஒரு வார்த்தை கேப்பாங்க, "ஆறு மாசம் கடல்லயா? வேணாம்பா, பேசாம பிசினஸ் கோர்ஸ் எடு". அதோட முடிஞ்சுது. அந்த அம்மாவை யாரும் எந்த டாக்குக்கும் கூப்பிடலையே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுல நான் அம்மா அப்பாவைக் குத்தமே சொல்லமாட்டேன். நம்ம ஆளுங்க பல பேரு அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல இருந்து இங்க வந்த ரஜுலா கப்பல்ல டெக்ல பாய் விரிச்சுப் படுத்து வந்தவங்க வீட்டுப் பேரப்பிள்ளைங்க. தாத்தா ஹார்பர் போர்டுல மூட்டை தூக்கியிருப்பாரு, இல்ல செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பார்த்திருப்பாரு. இன்னைக்கும் துவாஸ் பக்கம் ஷிப்யார்டுல வெயில்ல வெல்டிங் பண்ற தம்பிங்க எத்தனையோ பேரு தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம்தான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு கப்பல்னாலே உடம்பு நோவுற வேலைன்னுதான் மனசுல படும், அது நியாயமான பயம். நம்ம முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதன் 1956ல மாலுமிகள் நலன் அதிகாரியா இருந்தவர், அந்தக் காலத்துல கப்பல்காரங்க நலனைப் பார்க்கவே அரசாங்கம் தனியா ஒரு அதிகாரியை வச்சிருந்துச்சுன்னா அவங்க வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா அதுக்கப்புறம் என்னென்ன மாறிச்சுன்னு நம்ம வீடுகளுக்கு வந்து யாரும் சொல்லல.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல உக்காந்து சாத்தே சாப்பிடும்போது எதிர்ல வரிசையா நிக்கிற கப்பலை எல்லாரும் பாக்குறோம். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு கப்பல் இங்க வருது, இல்ல கிளம்புது. 2024ல மட்டும் 41.12 மில்லியன் கன்டெய்னர் (20 அடிப் பெட்டிக் கணக்குல) இங்க கைமாறியிருக்கு, கப்பலுக்கு ஊத்துற எரிபொருள் கிட்டத்தட்ட 55 மில்லியன் டன், உலகத்துலயே நாமதான் முதலிடம். இந்தத் துறையில 5,000த்துக்கும் மேல கம்பெனிங்க இருக்கு. இவ்வளவும் வாசல்ல நடக்குது, ஆனா நம்ம வீட்டுல டாக்டர், லாயர், பேங்க், ஐடி தாண்டி பேச்சே வராது.

சரி, வேலை என்னன்னு சொல்றேன், ஏன்னா இதைத்தான் அம்மா அப்பாகிட்ட நிதானமா உக்காந்து சொல்லணும். கப்பல்ல ரெண்டு பக்கம் இருக்கு, டெக், இன்ஜின். டெக்னா கப்பலை ஓட்டுறது, சரக்கு ஏத்தி இறக்குறதைப் பாத்துக்கிறது. இன்ஜின்னா கீழ மூணு நாலு மாடி உயரத்துக்கு நிக்கிற மெயின் இன்ஜின், ஜெனரேட்டர், பம்ப், பாய்லர் எல்லாம். சிங்கப்பூர் பாலிடெக்னிக்ல மரிடைம் அகாடமி இருக்கு, அங்க நாட்டிகல் ஸ்டடீஸ் படிச்சா டெக், மரைன் இன்ஜினியரிங் படிச்சா இன்ஜின். படிப்போட கேடட்டா, அதாவது பயிற்சி அதிகாரியா, கப்பல்ல ஏறணும், அதுக்கு முன்னாடி கடல்ல உயிர் பிழைக்கிறது, தீ அணைக்கிறது, முதலுதவின்னு அடிப்படைப் பயிற்சி முடிக்கணும். கடல்ல இருக்க வேண்டிய மாசம் முடிஞ்சதும் திரும்பி வந்து பரீட்சை, அதுல ஓரல்னு ஒண்ணு, கடல்துறை, துறைமுக ஆணையத்தோட (MPA) தேர்வாளர் முன்னாடி உக்காந்து வாயாலயே பதில் சொல்லணும், பெரிய பெரிய ஆளுங்களே நடுங்குவாங்க. அது பாஸ் ஆனாத்தான் கிளாஸ் 3 சர்டிபிகேட், அதுக்கப்புறம் கிளாஸ் 2, கிளாஸ் 1, கடைசியில கேப்டன் இல்ல சீஃப் இன்ஜினியர். ஒவ்வொரு படிக்கும் கடல் அனுபவமும் வேணும் பரீட்சையும் எழுதணும், யாரோட சிபாரிசும் இங்க எடுபடாது. உதவித்தொகையும் இருக்கு, டிரைபார்டைட் மரிடைம் ஸ்காலர்ஷிப், மரிடைம்ஒன் ஸ்காலர்ஷிப்னு, பணம் இல்லையேன்னு யோசிக்கிற வீடுங்க இதை முதல்ல விசாரிக்கணும்.

இதுல ஒண்ணை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, அதான் எனக்குக் கோவம். டெக் அதிகாரி ஆகணும்னா நிறம் பிரிச்சுப் பாக்குற கண் பரிசோதனையில தேறியே ஆகணும். ராத்திரி எதிர்ல வர்ற கப்பலோட சிவப்பு விளக்கா பச்சை விளக்கான்னு பாத்துத்தான் அது எந்தப் பக்கம் போகுதுன்னு முடிவு பண்ணுவாங்க, அதுல சந்தேகமே இருக்கக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், டெக் டெக்னு ஒரே கனவு, வீட்டுலயும் கஷ்டப்பட்டு சம்மதம் வாங்கிட்டான், மெடிக்கல்ல போய்த்தான் தெரிஞ்சுது நிறக்குருடுன்னு. அந்தப் பிள்ளை அழுத அழுகை இருக்கே. செகண்டரி 3லயே ஒரு கண் சோதனை பண்ணிக்கோப்பான்னு ஒரு வரி சொல்லியிருந்தா போதுமே.

கஷ்டத்தையும் மறைக்காம சொல்லணும். ஆபீசர்களுக்குப் பொதுவா நாலுல இருந்து ஆறு மாசம் கான்ட்ராக்ட், தீபாவளி பொங்கல் எல்லாம் நடுக்கடல்லதான், வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலைன்னா உடனே ஓடி வர முடியாது. தனிமை இருக்கு, அதை வீடியோவுல காட்டமாட்டாங்க. 2020ல கொரோனா வந்தப்போ உலகம் பூரா சுமார் 400,000 பேரு கான்ட்ராக்ட் முடிஞ்சும் இறங்க முடியாம கப்பல்லயே மாட்டிக்கிட்டாங்க. அப்போ நான் க்ரூ சேஞ்ச், அதாவது கப்பல்ல ஆளை இறக்கி ஏத்துற வேலைதான் பார்த்தேன், ஒருத்தரை இறக்க எத்தனை பேப்பர், எத்தனை டெஸ்ட், வேலை முடிஞ்சு சைன் ஆஃப் ஆகி, கரைக்குக் கூட்டிட்டு வர்ற லான்ச் படகுல ஏறினதும் சில பேரு ஒண்ணுமே பேசமாட்டாங்க, போனை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதைப் பார்த்தவ நான், அதனால இந்த வேலை சுலபம்னு எந்த அம்மாகிட்டயும் சொல்லமாட்டேன்.

ஆனா கூடவே இதையும் சொல்லுவேன், நாதன் மாலுமிகள் நலன் அதிகாரியா இருந்த காலத்து கதை இல்ல இப்போ. மாலுமிகளுக்குன்னு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, 2006ல போட்டு 2013ல நடைமுறைக்கு வந்துச்சு, 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு கணக்கு வச்சிருக்கு, முடிஞ்ச அளவுக்கு கப்பல்ல இன்டர்நெட் குடுக்கணும்னும் 2024 டிசம்பர்ல இருந்து சேர்த்திருக்காங்க. இங்க ஆபீசர்களுக்கு எஸ்எம்ஓயு, மத்த மாலுமிகளுக்கு எஸ்ஓஎஸ்னு யூனியன் இருக்கு. எல்லாக் கப்பல்லயும் எல்லா ரூலும் அப்படியே நடக்குதான்னா இல்ல, கம்பெனி பாத்துத்தான் சேரணும், எந்தக் கம்பெனின்னு விசாரிக்கிறதுல பெரியவங்க துணை பிள்ளைங்களுக்குத் தேவை. அதுக்குத்தான் சொல்றேன் வீட்டுக்காரங்களுக்கும் தெரியணும்னு.

அம்மாக்கள் அடுத்து கேக்குறது, "வாழ்நாள் பூரா கடல்லயே இருக்கணுமா, கல்யாணம் காட்சி எப்போ?" இல்லக்கா, பல பேரு சில வருஷம் ஓட்டிட்டு கரைக்கு வந்துடுவாங்க, அப்படி வர்றது தோல்வியே கிடையாது. வர்ற கப்பலை உள்ள கூட்டிட்டு வர்ற பைலட், கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து கப்பலோட பராமரிப்பைப் பாக்குற சூப்பரின்டென்டென்ட், சர்வேயர், விபத்து நடந்தா விசாரிக்கிறவங்க, இவங்கள்ல பெரும்பாலானவங்க கடல்ல இருந்து வந்தவங்கதான். புஸ்தகம் படிச்சு மட்டும் அந்த நாற்காலிக்கு வந்துட முடியாது, கடல்ல இருந்த வருஷம்தான் அங்க மதிப்பு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சதுமே பாதி வீட்டுல மறுப்பு இறங்கிடுது, கண்ணால பாத்திருக்கேன்.

கடல்ல ஏறவே வேணாம்னாலும் வழி இருக்கு. என்டியூ பல்கலைக்கழகத்துல மரிடைம் ஸ்டடீஸ் டிகிரி இருக்கு, ஷிப் புரோக்கர், சார்ட்டரிங் (கப்பலை வாடகைக்கு எடுக்குறது, விடுறது), இன்சூரன்ஸ், கடல் சட்டம், என்னைப் போல ஏஜென்சி. துவாஸ் போர்ட்ல கன்டெய்னரை ஆளில்லாத வண்டி இழுத்துட்டுப் போகுது, அந்த சிஸ்டத்தைப் பாத்துக்க ஐடி படிச்ச பிள்ளைங்க வேணும். 2023ல உலகத்துலயே முதல் தடவையா இன்னொரு கப்பல்ல இருந்து ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு எரிபொருளா மெத்தனால் ஊத்தினது நம்ம துறைமுகத்துல, 2024ல அம்மோனியாவைக் கப்பல் எரிபொருளாப் பயன்படுத்திப் பாக்குற சோதனையும் இங்க நடந்துச்சு. அம்மோனியா விஷவாயு, அதைக் கையாளத் தெரிஞ்ச இன்ஜினியர்ங்க இன்னும் கொஞ்ச வருஷத்துல நிறைய பேர் தேவைப்படுவாங்க, கெமிஸ்ட்ரி பிடிச்ச பிள்ளைக்கு இதைச் சொல்லுங்க.

பொண்ணுங்களைப் பத்தி சொல்லாம விட முடியாது. 2021ல வந்த ஒரு சர்வதேச அறிக்கையில உலக மாலுமிகள்ல பொண்ணுங்க 1.28 சதவீதம்தான்னு போட்டிருந்துச்சு. நூத்துல ரெண்டு பேரு கூட இல்ல. நான் கப்பல்ங்க நங்கூரம் போட்டு நிக்கிற ஆங்கரேஜுக்கு லான்ச்ல போயி, ஆடுற கேங்வே ஏணியில ஏறி கேப்டனைப் பாத்து பேப்பர் கையெழுத்து வாங்கிட்டு வர்றவ, மொத மொதல்ல எங்க அம்மா ரொம்ப பயந்தாங்க, இப்போ சொந்தக்காரங்ககிட்ட அவங்களேதான் பெருமையா சொல்றாங்க. ஒரு தமிழ்ப் பொண்ணு தேர்ட் மேட்டா, அதாவது டெக் அதிகாரியா, கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல நிக்கிறதை ஒரு தடவை பாத்தேன், அவ பேரை இங்க போடல, ஆனா பள்ளிக்கூடத்துல பேசும்போது அவளைப் பத்தி சொல்லாம நான் வர்றதே இல்ல.

அதனால கேரியர் டாக் நடத்துறவங்க இந்தப் பதிவைப் பாத்தா தயவுசெஞ்சு கேளுங்க. பெற்றோருக்குன்னு தனிக் கூட்டம் வையுங்க, தமிழ்ல வையுங்க. சமூக மன்றத்துல, இந்தியச் சமூகத்துக்கு உதவுற அமைப்பான சிண்டாவோட டியூஷன் முடியிற நேரத்துல, கோவில் மண்டபத்துல. பெரிய ஆபீசரை மட்டும் கூட்டிட்டு வராம ஒரு கேடட்டோட அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, மகன் கப்பல்ல இருக்கிற மாசங்களை எப்படி ஓட்டினாங்கன்னு அவங்களே சொல்லட்டும், ஒரு தாய்க்கு இன்னொரு தாய் சொன்னாத்தான் ஏறும். பிள்ளைங்களோட குடும்பமா மரினா சவுத் பியர்ல இருக்கிற மரிடைம் கேலரிக்குப் போங்க, எம்ஆர்டி வாசல்லயே நிக்குது. வேற வேலை பாத்துட்டு மாறணும்னு நினைக்கிற பெரியவங்களுக்கும் டெக், இன்ஜின் ரெண்டுக்கும் தனிப் பயிற்சித் திட்டம் இருக்கு, அதையும் அதே கூட்டத்துல சொல்லுங்க.

யாராவது உங்க ஏரியாவுல இப்படி ஒண்ணு ஏற்பாடு பண்ணினீங்கன்னா கமென்ட்ல சொல்லுங்க, நான் வரேன், காசு எதுவும் வேணாம். ஞாயித்துக்கிழமை சாயந்திரமா இருந்தா நல்லது, ஷிப்ட் வேலை பாக்குற அப்பாக்களும் அன்னைக்குத்தான் கொஞ்சமாவது வீட்டுல இருப்பாங்க.