பேட்மனும் மில்ஸும் ஒரே முடிவைச் சொல்லவில்லை

"சமூக ஒப்பந்தத்தில் பெண்களும் கறுப்பினத்தவரும் விடுபட்டுப் போனார்கள், சேர்த்துவிட்டால் கோட்பாடு சரியாகிவிடும், பேட்மன், மில்ஸ் இருவரும் சொல்வது இதுதான்" என்று நம் சுங்கை சிப்புட் குழுவில் அண்ணன் எழுதியிருப்பது சரியன்று. சமூக ஒப்பந்தம் என்பது, மக்கள் தமக்குள் உடன்பட்டே அரசை அமைத்தார்கள் என்னும் அரசியல் கோட்பாடு.

அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் 1988இல் எழுதிய 'பாலியல் ஒப்பந்தம்' என்ற நூலின்படி, பெண்கள் விடுபடவில்லை. கீழ்ப்படிய வேண்டியவர்களாக உள்ளே வைக்கப்பட்டார்கள். அரசு தோன்றுமுன் இருந்ததாகக் கொள்ளப்படும் 'இயற்கை நிலை'யில் குழந்தையின் மீதான அதிகாரத்தைத் தாய்க்கே தரும் ஒப்பந்தக் கோட்பாட்டாளர் ஹாப்ஸ், அரசு அமைந்த பிறகு குடும்பத்தைத் தந்தையிடம் ஒப்படைக்கிறார். கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு ஆணுக்குரியது என்கிறார் இன்னொரு ஒப்பந்தக் கோட்பாட்டாளரான லாக். மேலும், பேட்மன் ஒப்பந்தம் என்ற வடிவத்தையே ஐயுறுகிறார்: ஒப்புதல் பெற்றே ஒருவரை இன்னொருவருக்கு அடங்கியவராக்க அதனால் முடியும். மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் கைநாட்டு வைத்துத்தான் வந்தார், ஆனால் தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

மெய்யியலாளர் சார்ல்ஸ் மில்ஸ் 1997இல் 'இன ஒப்பந்தம்' எழுதியபோது பேட்மனிடமிருந்தே தூண்டுதல் பெற்றார். வெள்ளையர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் மற்றவர்கள் தரப்பினராக அல்ல, பொருளாகவே இருந்தார்கள் என்பது அவர் வாதம். அடிமை வணிகம் நடத்திய நிறுவனத்தில் லாக்குக்கே பங்கு இருந்தது. எனினும் மில்ஸ் ஒப்பந்தக் கருவியைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்கிறார், பேட்மன் அதைக் கைவிடச் சொல்கிறார். 2007இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலிலேயே இந்தக் கருத்து வேறுபாடு வெளிப்படையாக விவாதிக்கப்படுகிறது.