பால்கனி எனக்கு இல்லை

வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே வீடு பிடித்தோம். பெரிய பால்கனி, நல்ல காற்று. சரி, அந்தக் காற்று வாங்க நான் எப்போது வீட்டில் இருக்கிறேன்? போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 1,000 மணி நேரம். இரவு பகல் சேர்த்து 41 நாளுக்கு மேல்! மனிதர்களின் தினசரிப் பயணம் சராசரியாக ஒரு மணி நேரம்தான் என்று 1994-இல் மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் எழுதினார். நான்கு பேர் பங்கை நானே சுமக்கிறேன் போல.

உட்கார இடம் கிடைத்தால் பக்கத்து ஆள் தூங்கித் தோளில் சாய்வார். எழுப்ப மனசு வராது. அவரும் வாடகை மிச்சம் பிடிக்கிறவர்தானே.

நேற்று பால்கனிச் செடி பூத்திருக்கிறதாம். வீட்டிலிருந்து போட்டோ அனுப்பினார்கள்.